பறங்கிமலை முதல் உலு கிந்தா வரை: வரைபடம் நடந்து வந்த பாதை



தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைக் கேட்டதும் இந்நாட்டில் பலரும் ஒரு குறும்புச் சிரிப்புச் சிரிப்பர். 1911-இல் இங்கே தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனையே அதற்குக் காரணம். ஆனால், அப்பெயரைப் பிரித்துப் பார்த்தால் அதில் மருத்துவமனை இல்லை, நிலம் இருக்கிறது. ‘தஞ்சோங்’ என்பது நீரை நோக்கித் துருத்தி நிற்கும் நிலம். ‘ரம்புத்தான்’ நாம் நன்கறிந்த பழமரம். இவ்வூர் அமைந்துள்ள வட்டாரத்தின் பெயரான ‘உலு கிந்தா’ என்பதற்குக் கிந்தா ஆற்றின் மேற்பகுதி என்று பொருள். வரைபடம் வருவதற்கு முன்பே மக்கள் தம் ஊர்ப் பெயருக்குள் புவியியலைப் பொதிந்து வைத்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

இடத்தையும் அவ்விடத்தைப் பற்றிய செய்தியையும் இணைத்து வைக்கும் இந்தப் பழைய பழக்கத்தின் இன்றைய வடிவமே புவியியல் தகவல் முறைமை ஆகும். ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஜி.ஐ.எஸ். என்று சுருக்கமாக அழைப்பர். இதனைக் கணினித் துறையினருக்கு மட்டுமே உரிய ஒன்றாகக் கருதி நாம் ஒதுங்கிவிடுகிறோம். இதன் வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. நம் தோட்டங்களின் எதிர்காலத்திலும் தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலத்திலும் இதற்கு வேலையுண்டு. இவ்விரண்டையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறைமை என்பது யாது?

மேல்நிலை ஒளிப்படக் கருவியைக் கொண்டு பாடம் நடத்திய காலம் ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கண்ணாடித் தாளில் ஆற்றை வரைவோம். இன்னொன்றில் சாலைகளை வரைவோம். மூன்றாவதில் வீடுகளைக் குறிப்போம். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எந்தெந்த வீடுகள் ஆற்றுக்கு அருகில் இருக்கின்றன என்பது உடனே புலப்படும். புவியியல் தகவல் முறைமையின் அடிப்படை இதுதான். அத்தாள்களை அடுக்குகள் என்பர்.

ஓர் அடுக்கில் இருப்பவை மூவகைப்படும். பள்ளி, கோயில், கிணறு போன்றவை புள்ளிகள். சாலை, இருப்புப்பாதை, ஆறு ஆகியவை கோடுகள். தோட்டம், ஏரி, மாவட்டம் ஆகியவை பரப்புகள். ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் பரப்புக்கும் பின்னால் ஓர் அட்டவணை உண்டு. பள்ளி என்ற புள்ளியைத் தொட்டால், அது தொடங்கிய ஆண்டு, மாணவர் எண்ணிக்கை, வகுப்பறைகளின் எண்ணிக்கை ஆகியவை வரும். சாதாரண வரைபடம் ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லும். இம்முறைமையோ, ‘இந்த ஆற்றிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் பள்ளிகள் யாவை?’ என்று கேட்டால் அதற்கும் விடையளிக்கும்.

இலண்டனில் ஒரு தண்ணீர்க் குழாய்

கணினி தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இச்சிந்தனை தோன்றிவிட்டது. 1854-இல் இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில் வாந்திபேதி பரவி, சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்பது அக்கால மருத்துவர் பலரின் நம்பிக்கை. சான் சுனோ என்ற மருத்துவர் அதனை ஏற்கவில்லை. அவர் வீடுவீடாகச் சென்று விசாரித்து, இறந்தவர்களின் வீடுகளைத் தெரு வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருவிலிருந்த ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றியே குறிகள் மிகுதியாகக் குவிந்திருந்தன. அவர் எடுத்துரைத்த சான்றுகளை ஏற்று, அவ்வாண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது.

இறப்பு ஓர் அடுக்கு. தண்ணீர்க் குழாய் ஓர் அடுக்கு. தனித்தனியே நின்றபோது ஊமையாக இருந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கப்பட்டபோது பேசின.

பறங்கிமலையில் நீட்டிய சங்கிலி

அடுக்குகள் பொருந்த வேண்டுமானால், ஒவ்வோர் இடமும் பூமியின் மேல் சரியாக எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த அளவைப் பணியில்தான் தமிழகம் வரலாற்றில் இடம்பெறுகிறது. 1794-இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. எட்டு மாணவர்களுடன் தொடங்கிய அப்பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது.

1802 ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி, சென்னைப் பறங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். 100 அடி எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் நீட்டி அளந்த அப்பணிக்கு 57 நாள்கள் பிடித்தன. வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பநிலையையும் உடனுக்குடன் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. அடிக்கோட்டின் நீளம் தெரிந்தபின் வேலை கோணங்களால் நடந்தது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிடலாம் அல்லவா? நாம் வகுப்பில் கற்பிக்கும் அந்த முக்கோணத்தைக் கொண்டுதான் ஒரு துணைக்கண்டமே அளக்கப்பட்டது.

கோணங்களை அளந்த பெரிய கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். உயர்ந்த குன்றுகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களே குன்றுகளாகப் பயன்பட்டன. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அக்கருவியை மேலேற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனந்தளராமல் ஆறு வாரங்கள் தாமே அமர்ந்து அதனைச் சீர்செய்தார். கருவியைத் தூக்கியவர்களும் சங்கிலியைப் பிடித்தவர்களும் அம்மண்ணின் தொழிலாளர்கள். லாம்டனின் பெயர் நூல்களில் நிற்கிறது. அவர்களின் பெயர்கள் நிற்கவில்லை.

அந்தக் கணக்கு மலாயாவுக்கு வந்த கதை

லாம்டன் 1823-இல் மறைந்தார். அவரைப் பின்தொடர்ந்த சார்ச் எவரெசுட்டு, அவ்வளவைகளைக் கொண்டு பூமியின் வடிவத்தைக் கணித்து 1830-இல் வெளியிட்டார். பூமி முழு உருண்டை அன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. எவ்வளவு தட்டை என்பதைக் கூறும் எண்களே அவர் தந்தவை.

மலாயாவின் நில அளவையாளர்கள் தம் வரைபடங்களுக்கு எடுத்துக்கொண்டது இந்த எவரெசுட்டு வடிவத்தையே. அதனைச் சற்றே திருத்திப் பயன்படுத்தினர். பகாங் மாநிலத்தின் கெர்த்தாவ் என்னும் இடத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்ட தீபகற்ப அளவை முறை இந்தக் கணக்கின்மேல் எழுந்தது. 1885 முதல் சேர்ந்த அளவீடுகளும் இம்முக்கோண வலையில் இடம்பெற்றன. ஆகவே, தமிழகத்தில் தொடங்கி வடக்கு நோக்கி நீண்ட ஓர் அளவையின் எண்கள், தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர்கள் பால்மரம் வெட்டிய தோட்டங்களின் வரைபடங்களுக்கும் அடித்தளமாயின. ஆளும் அளவும் ஒரே மண்ணிலிருந்து வந்தன எனலாம்.

இது வெறும் பழங்கதை அன்று. செயற்கைக்கோள்வழி இடங்காட்டிகள் பூமியின் மையத்தை அடிப்படையாகக் கொண்ட புதிய வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. மலேசிய நில அளவை, வரைபடத் துறையும் 2003-இல் புதிய முறைக்கு மாறியது. பழைய வரைபடத்தின் எண்களைத் திருத்தாமல் இன்றைய வரைபடத்தில் இட்டால், ஓர் இடம் 100 மீட்டருக்கும் அதிகமாக விலகி நிற்கும். தோட்டத்துக் கோயில் சாலையின் மறுபுறம் போய்விடும். இடுகாடு அடுத்தவர் நிலத்திற்குள் விழுந்துவிடும். பழைய வரைபடத்தைக் கையாள விரும்புவோர் முதலில் அறிய வேண்டிய செய்தி இதுவே.

கனடாவில் பிறந்த பெயர்

1960-களில் கனடா அரசு தன் பரந்த நிலப்பரப்பில் வேளாண்மைக்கு எது உகந்தது, காட்டுக்கு எது உகந்தது என்று கணக்கெடுக்க விரும்பியது. ஆயிரக்கணக்கான வரைபடத் தாள்களை மனிதர் கையால் ஒப்பிட்டு முடிப்பது இயலாத செயல். ரோசர் டாம்லின்சன் என்பவரின் தலைமையில் அப்பணி கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்றைய பெயர் வழக்குக்கு வந்ததும் அப்போதுதான்.

அதன்பின் படிகள் விரைந்து ஏறின. 1972-இல் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் பறந்தது. 2008 முதல் அவ்வரிசையின் படங்கள் அனைவருக்கும் இலவசமாயின. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கா தன் இடங்காட்டிச் செயற்கைக்கோள்களின் குறிப்பைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கச் செய்துவந்த வழக்கத்தைக் கைவிட்டது. 2002-இல் கியூஜிஐஎஸ் என்னும் கட்டணமற்ற மென்பொருளின் உருவாக்கம் தொடங்கியது. அரண்மனைக்குள் இருந்த கருவி இவ்வாறு ஆசிரியர் மேசைக்கு வந்து சேர்ந்தது.

இன்று டெங்கிக் காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றி 200 மீட்டர் ஆரத்திற்குள் புகையடிப்பதும், வெள்ளம் சூழும் கம்பங்களை முன்கூட்டியே கணிப்பதும், அணைக்கு நீர் தரும் காட்டின் எல்லையை வரையறுப்பதும் இம்முறைமையைச் சார்ந்த பணிகளே. நம் உலு கிந்தாவின் சுல்தான் அசுலான் சா அணைக்கு நீர் எந்தச் சரிவுகளிலிருந்து வருகிறது என்பதை மாணவர்கள் கணினியில் தாமே காணலாம். மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் பாயும் என்ற ஒற்றை விதியே அதற்குப் போதும்.

நம் வீட்டு வாசலில் நிகழ்ந்தது

இலண்டன் கதை தொலைவானது என்பவர்களுக்கு ஈப்போவின் கதையைச் சொல்ல வேண்டும். 1998 செப்டம்பர் இறுதியில் கிந்தா மாவட்டத்தில், ஈப்போவின் புறநகரிலிருந்த பன்றிப் பண்ணைப் பகுதிகளில் மூளைக்காய்ச்சல் பரவியது. கொசுவால் பரவும் சப்பானிய மூளையழற்சி என்றே அதிகாரிகள் முதலில் கருதினர். புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோய் நிற்கவில்லை.

நோயுற்றோர் பெரும்பாலும் பண்ணைகளில் வேலை செய்த வளர்ந்த ஆண்கள். சப்பானிய மூளையழற்சியோ குழந்தைகளை மிகுதியாகத் தாக்குவது. கொசுவுக்குப் பண்ணை வேலி ஒரு பொருட்டா? ஆயினும், பண்ணைக்கு அருகிலேயே குடியிருந்து பன்றிகளைத் தொடாதவர்கள் பெரும்பாலும் தப்பினர். இடமும் தொழிலும் சேர்ந்து வேறொரு காரணத்தைச் சுட்டின. 1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா கா பிங், இதுவரை அறியப்படாத ஒரு நுண்மியைக் கண்டறிந்தார். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. அதற்குள் நோய்வாய்ப்பட்ட பன்றிகள் பேராவிலிருந்து தெற்கே ஏற்றிச் செல்லப்பட்டதால் நோயும் பயணப்பட்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பண்ணைகளில் கூலி வேலை செய்த நம்மவர்களும் இருந்தனர். ஏறத்தாழ பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

பழந்தின்னி வௌவால்களே அந்நுண்மியின் இருப்பிடம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பழமரங்கள் நின்ற பண்ணையில், வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்கு உணவாயிற்று. காடு ஓர் அடுக்கு, பழமரம் ஓர் அடுக்கு, பண்ணை ஓர் அடுக்கு, லாரி சென்ற பாதை ஓர் அடுக்கு. இவை நான்கும் சந்தித்த இடத்தில் நோய் பிறந்து நடந்தது. இன்று இத்தகைய நோயொன்று தோன்றினால், இவ்வடுக்குகளை முதல் வாரத்திலேயே ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க முடியும். காலத்தில் பார்த்தால் உயிர் தப்பும்.

வரைபடத்திலிருந்து நழுவும் தோட்டங்கள்

இனி நம் சொந்தக் கணக்கிற்கு வருவோம். 1950-களிலும் 1960-களிலும் ஆங்கிலேயர் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனால் வேலை இழந்த தொழிலாளர்களுக்காகவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பின்னர்ப் பால்மரம் செம்பனைக்கு இடம் தந்தது. செம்பனை வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம் தந்தது. மக்கள் ஈப்போவுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் குடிபெயர்ந்தனர்.

தோட்டத்திற்குப் பெரும்பாலும் இரண்டு பெயர்கள். பதிவேட்டில் இருப்பது ஆங்கிலப் பெயரோ மலாய்ப் பெயரோ. மக்கள் வாயில் இருந்தது தமிழ்ப் பெயர். துரையின் பெயராலோ, ஆற்றின் பெயராலோ, கங்காணியின் பெயராலோ அமைந்தது. முதற்பெயர் நில அலுவலகத்தில் எஞ்சியிருக்கும். இரண்டாம் பெயருக்குத் தாத்தா பாட்டியின் நினைவைத் தவிர வேறு ஏடு இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு தோட்டத்தின் பெயர் இருந்து, அத்தோட்டம் எங்கே இருந்தது என்று பேரனுக்குத் தெரியாத நிலை இன்று பல குடும்பங்களில் உண்டு. பிரட்டுக் களம் எங்கே, லயம் எங்கே, கோயில் எங்கே, இடுகாடு எங்கே என்பவை எழுதப்படாமலே போகின்றன. நிலம் கைமாறும்போது, ‘இங்கே எங்கள் முன்னோரின் கல்லறைகள் இருந்தன’ என்று சொல்வதற்கு வாய்ச்சொல் போதாது. புள்ளியும் ஆண்டும் சான்றும் வேண்டும்.

பள்ளியின் நிலையும் இதனோடு பிணைந்ததே. நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலம் பேராக். ஏறத்தாழ 134 பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, மக்கள் வெளியேறிவிட்ட தோட்டங்களிலேயே நிற்கின்றன. பிள்ளைகளோ புதிய வீடமைப்புப் பகுதிகளில் வளர்கின்றனர். 150-க்கும் குறைவான மாணவர் கொண்ட பள்ளி குறைந்த மாணவர் பள்ளி எனக் கணக்கிடப்படுகிறது. ‘பெற்றோருக்கு மொழிப்பற்று இல்லை’ என்று நாம் மேடையில் வருந்துகிறோம். வருத்தத்திற்கு முன் ஒரு வரைபடம் வேண்டும். பிள்ளைகள் வாழும் இடம் ஓர் அடுக்கு. பள்ளி ஓர் அடுக்கு. சாலை ஓர் அடுக்கு. காகம் பறக்கும் தூரம் 3 கிலோமீட்டராக இருக்கலாம். சுண்ணாம்புக் குன்றையும் பழைய ஈய லம்பக் குட்டைகளையும் சுற்றிவரும் சாலைத் தூரம் 8 கிலோமீட்டராக இருக்கலாம். பேருந்தே அங்குத் தீர்வானால் பற்றைப் பழித்துப் பயனில்லை. பள்ளியை இடம் மாற்றுவதே தீர்வானால், எங்கே மாற்றுவது என்பதற்கும் அதே வரைபடமே விடை தரும். கோரிக்கை மனுவில் பத்துப் பக்க உருக்கத்தைவிட ஒரு பக்க வரைபடத்திற்கு வலிமை அதிகம்.

நாம் செய்யக் கூடியவை

பெரிய செலவின்றித் தொடங்க ஒரு வழியைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவதாக, மாணவர்கள் தத்தம் தாத்தா பாட்டியிடம் சென்று தோட்டத்தின் இரு பெயர்களையும், அங்கே வாழ்ந்த ஆண்டுகளையும், அருகிலிருந்த ஆறு, பாலம், இருப்புப்பாதை போன்ற அடையாளங்களையும் கேட்டெழுத வேண்டும். மூத்தோரின் இசைவு பெற்ற பிறகே எதையும் பதிய வேண்டும்.

இரண்டாவதாக, இயலுமாயின் பெரியவர்களை அவ்விடத்திற்கே அழைத்துச் சென்று, கைப்பேசியின் இடங்காட்டி எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். தனியார் நிலமாயின் முன் அனுமதி பெறுவது கட்டாயம்.

மூன்றாவதாக, ஓர் அட்டவணை அமைக்க வேண்டும்: தமிழ்ப் பெயர், பதிவுப் பெயர், இடத்தின் வகை, தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, சொன்னவரின் வயது, சான்றின் தன்மை. ‘கண்ணால் கண்டது’ வேறு, ‘கேள்விப்பட்டது’ வேறு. இரண்டையும் ஒரே நிறத்தில் தீட்டக் கூடாது.

நான்காவதாக, பழைய வரைபடம் கிடைத்தால், இன்றும் மாறாதிருக்கும் பாலம், இரயில் நிலையம் போன்ற சில இடங்களைக் கொண்டு அதனைப் புதிய வரைபடத்தோடு பொருத்த வேண்டும். முன்னே சொன்ன 100 மீட்டர் விலகலை மறவாதீர். சில அரசாங்க வரைபடங்களைப் பெறுவதற்கு அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மாணவர் வீடுகளின் இடத்தை ஒருபோதும் பொதுவில் வெளியிடலாகாது. வட்டார எண்ணிக்கையாகத் தொகுத்துக் காட்டினாலே நம் தேவைக்குப் போதும். வரைபடம் ஆற்றல் மிக்கது. ஆகவே அதனைப் பொறுப்போடு கையாள வேண்டும்.

தோட்டத்தின் அதிகார வரைபடங்கள் மரத்தையும் பால் வருவாயையும் கணக்கிட வரையப்பட்டவை. அவற்றில் நம்மவர் வாழ்வு ஓரத்தில் ஒரு கட்டமாக மட்டுமே இருந்தது. அந்தக் கட்டத்திற்குள் இருந்த பெயர்களை நிரப்புவதற்கான கருவி இன்று நம் கையில் இருக்கிறது. நிரப்பத் தெரிந்த மூத்தோரோ ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். அடுத்த பள்ளி விடுமுறையிலேனும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தோட்டத்தின் பெயரையாவது கேட்டெழுதி வைக்குமாறு வேண்டுகிறேன்.